வாழ்த்தும் பெரியப்பா

அக்டோபர் 4

வந்து சேர்ந்தாயிற்று. விமானத்தில் கொடுத்த ரொட்டியைச் சேர்த்து வைத்திருந்தால் சங்கரன்கோவிலில் ஒரு காம்பவுண்டு சுவர் எழுப்பியிருக்கலாம். இந்த ஊரின் பெயர் கெம்னிட்ஸ். சொல்லிப் பார்த்தேன், தும்மல் வந்தது.

ஜெர்மனிக்குப் படிக்க வந்தவள் என் மகள் இலக்கியா. கூட ஒட்டிக்கொண்டு வந்தவள் நான், பேச்சியம்மாள். படிப்புக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்த பிள்ளை இந்த உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். என் வீட்டுக்காரரின் அண்ணன் சங்கரலிங்கம், எனக்குப் பெரியத்தான், இருக்கிறாரே, எங்கள் குடும்பத்துக்கு அவர்தான் கலெக்டர், ஜட்ஜ், போலீஸ் எல்லாம். "பொட்டப்பிள்ளையத் தனியா அனுப்ப முடியாது. பேச்சி கூடப் போகட்டும். விசா குடுக்குற மூணு மாசமும் இருந்து பாக்கட்டும். தெனம் வீடியோல வரணும். சரிப்படலன்னா கையோட கூட்டிட்டு வந்துரணும்" என்று தீர்ப்பு எழுதிவிட்டார். கூட்டிக்கொண்டு வந்தால் கட்டிவைக்க மாப்பிள்ளையும் தயார். பெரியத்தான் மனைவியின் அண்ணன் மகன், ஹார்டுவேர் கடை. நல்ல பையன்தான். பேசச் சொன்னால் ஆணி எண்ணிக் கொடுப்பது போல ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துக் கொடுப்பான்.

ஆனால் கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டில் ப்ளெக்ஸ் வைத்ததும் இதே பெரியத்தான்தான். 'மேல்படிப்பிற்காக ஜெர்மனி செல்லும் எங்கள் குலவிளக்கே!' அதில் குலவிளக்கின் படம் தீப்பெட்டி அளவு. பக்கத்தில் ஆள் உயரத்துக்குப் பெரியத்தான், வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை. கீழே 'வாழ்த்தும் பெரியப்பா'. பார்க்கிறவர்கள் அவர்தான் ஜெர்மனிக்குப் போகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

இந்த டைரி நகைக்கடையில் சும்மா கொடுத்தது. இவள் காலேஜுக்குப் போய்விட்டால் பகலில் வாயைத் திறக்க ஆள் இருக்காது. ஐந்தாவது வரை படித்த எழுத்தை இதில் செலவழிக்கிறேன்.

அக்டோபர் 5

வீட்டில் மூன்று அறை, ஒரு சமையலறை, ஒரு பால்கனி. ஒரு அறையில் நானும் இலக்கியாவும். இன்னொன்றில் நாகர்கோவில் பிள்ளை பெனிட்டா. மூன்றாவது அறைக் கதவு திறந்தது. உள்ளேயிருந்து தாடி வைத்த ஒரு ஆண்பிள்ளை வந்தான்.

"வணக்கமுங்க ஆன்ட்டி! சஞ்சித்துங்க. காங்கயமுங்க."

நான் இலக்கியாவைப் பார்த்தேன். அவள் மின்விசிறியைப் பார்த்தாள். இந்த ஊரில் மின்விசிறியே கிடையாது.

"ஏட்டி, இது யாரு?"

"ஃப்ளாட்மேட்மா. இங்க எல்லா வீட்லயும் இப்படித்தான்."

"பெரியப்பா கிட்ட சொன்னியா?"

"நீ சொல்லுதியா?"

நான் எங்கே சொல்ல? இரண்டு பொம்பளைப் பிள்ளைகளோடு இருக்கிறாள் என்றுதான் அங்கே சொல்லி வைத்திருக்கிறாள். ஆகவே சஞ்சித்தைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினேன். தினம் பெரியத்தான் ராச்சாப்பாடு முடித்துவிட்டு வீடியோவில் வருவார். இங்கே அது சாயங்காலம். அந்த நேரம் இவன் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். பதிலுக்கு நான் இருக்கும் வரை அவனுக்கும் சேர்த்துச் சமைப்பேன்.

"குளுருமேங்க ஆன்ட்டி."

"தோசைங்க தம்பி."

போய்விட்டான். பையன் கெட்டவன் இல்லை. மரியாதைதான் ரொம்ப முற்றிப்போயிருக்கிறது. எதிரே எது வந்தாலும் வணக்கமுங்க. பார்த்த அரை நாளுக்குள் மாடிப்படியில் போனவருக்கு ஒன்று, எதிர்வீட்டு நாய்க்கு ஒன்று. கண்ணாடியில் அவனையே பார்த்தால் என்ன செய்வானோ.

அக்டோபர் 12

ஞாயிற்றுக்கிழமை. ரசத்துக்கு மிளகை இடிகல்லில் போட்டு நான்கு இடி இடித்தேன். ஐந்தாவது இடிக்குள் கீழ்வீட்டுக்காரர் வாசலில் நிற்கிறார். முகத்தைப் பார்த்தால் நான் அவர் மண்டையில் இடித்தது போல இருக்கிறது. பெனிட்டா போய் என்னவோ சமாதானம் சொல்லிவிட்டு வந்தாள்.

"ஞாயித்துக்கிழமை சத்தம் போடக் கூடாதாம் ஆன்ட்டி."

"சத்தம் போடாம எப்படி மக்கா மிளகு இடிக்க? அதுகிட்ட கெஞ்சிக் கேக்கணுமா?"

கடையும் மூடல், தெருவும் மூடல், வாயும் மூடல். நம்மூரில் கேதம் விழுந்து பிணம் கிடக்கிற வீட்டில்கூட இதைவிட நன்றாகச் சத்தம் கேட்கும்.

அக்டோபர் 19

இந்தப் பிள்ளைகளின் வெளிநாட்டு வாழ்க்கையை இன்று முழுசாகப் பார்த்தேன். வீட்டில் ஒரு சிவப்புக் கோட்டு இருக்கிறது. முன்னால் குடியிருந்த யாரோ விட்டுப்போனது. ஏரிக்கரைக்குப் போனோம். பெனிட்டா அதைப் போட்டுக்கொண்டு மரத்தடியில் சிரித்தாள், படம். கழற்றி இலக்கியாவிடம் கொடுத்தாள். அவள் போட்டுக்கொண்டு வாத்தைப் பார்த்தாள், படம். பிறகு சஞ்சித். அவன் வேறொருவன் காரின் மேல் சாய்ந்தான். மூன்று ஊரில் மூன்று வீட்டில், 'எம்பிள்ளை கோட்டு வாங்கிருக்கு பாரு' என்று பூரித்துக்கொண்டிருப்பார்கள். படம் எடுத்து முடித்ததும் மூன்றும் நடுங்கிக்கொண்டே வந்து காய்ந்த ரொட்டியைக் கடித்தன. படத்தில் ரொட்டி வராது.

கடைசியில் என்னையும் விடவில்லை. சேலைக்கு மேலே கோட்டு. படத்தைப் பெரியத்தானுக்கு அனுப்பினாள். அவர் பதில்: 'செலவைக் குறைக்கவும்.'

நவம்பர் 2

சாயங்காலம் ஐந்து மணிக்குள் இருட்டிவிட்டது. இந்த ஊரில் சூரியனும் பார்ட் டைம் வேலைதான் போலிருக்கிறது.

நவம்பர் 11

ட்ராமில் போகப் பழகிவிட்டேன். சஞ்சித் சொல்லிக்கொடுத்தான். காலேஜுக்கு முந்தின நிறுத்தத்தில் ஒரு பெரிய கடிகாரம் இருக்கும், அதற்கு அடுத்ததில் இறங்க வேண்டும். இன்று இலக்கியா டிபன் பாக்ஸை மறந்து வைத்துவிட்டுப் போனாள். சாதத்தில் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு ஊற்றி வைத்திருந்தேன். எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கடிகார நிறுத்தத்தில் ட்ராம் நின்றது. பெஞ்சில் ஒரு பிள்ளை தலையில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பை நான் வாங்கிக்கொடுத்த பை. ட்ராம் கிளம்பியது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்ததில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய், திரும்பி வருகிற ட்ராமில் ஏறினேன். அப்போதும் அங்கேதான் இருந்தாள்.

புளிக்குழம்பை நானே சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் வந்தாள்.

"கிளாஸு எப்படி இருந்திச்சி?"

"நல்லா இருந்துச்சும்மா."

"வாத்தியாரு என்ன சொன்னாரு?"

"அதெல்லாம் சொன்னா உனக்குப் புரியாது."

சரி, எனக்குப் புரியாது. பெரியத்தான் வீடியோவில் வந்தார். சஞ்சித் பால்கனிக்குப் போனான். "படிப்பு எப்படிப் போகுது?" என்று கேட்டார். நான் போனை வாங்கி, "அத ஏன் கேக்கிய பெரியத்தான், வாத்தியாருக்கே சந்தேகம் வந்தா இவகிட்டதான் கேக்காராம்" என்றேன். மனிதர் மீசையைத் தடவிக்கொண்டார். இலக்கியா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். புகழ்ந்தால்கூடப் பிடிக்காது இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு.

நவம்பர் 12

இன்றும் ட்ராமில் போனேன். வேடிக்கை பார்க்கத்தான். அதே பெஞ்சு.

நவம்பர் 14

வேடிக்கை பார்க்கப் போனேன். மழை பெய்தது. அதே பெஞ்சு.

நவம்பர் 20

சமையலறைச் சுவரில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கிறார்கள். இந்த வாரம் பாத்ரூம் கழுவுவது யார், அடுப்பு துடைப்பது யார் என்று. இன்று அதில் என் பெயரையும் சேர்த்துவிட்டாள் பெனிட்டா. "மூணு மாச விருந்தாளியையே பாத்ரூம் கழுவ வைக்கியளே, நீங்க விளங்குவியளா?" என்று கேட்டேன். "ஜெர்மனி ரூலாக்கும் ஆன்ட்டி" என்கிறாள். கடைசியில் என் முறையையும் சஞ்சித்தே கழுவினான். பாத்திரமும் அவன்தான். என் புகுந்த வீட்டில் ஒரு ஆண்பிள்ளை பாத்திரத்தைக் கையில் தொட்டால் அது சாப்பிடுவதற்குத்தான்.

இலக்கியா ராத்திரியெல்லாம் புரள்கிறாள். கட்டில் சிறியது. அதனால்தான் இருக்கும்.

டிசம்பர் 3

கெடுத்தேன். நானே கெடுத்தேன்.

கார்த்திகை தீபம். கொண்டுவந்த அகல்களைப் பால்கனிச் சுவரில் வரிசையாக ஏற்றினேன். நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடுவதால் விளக்குக்கு மட்டும் இந்த ஊர் தோது. பெரியத்தான் வருகிற நேரம். சஞ்சித்தை வழக்கம்போலப் பால்கனிக்கு அனுப்பினேன். குளிர் அதிகம் என்று அந்தச் சிவப்புக் கோட்டைப் போர்த்திக்கொண்டு போனான்.

அன்றைக்குப் பார்த்து அங்கே வீடு நிறைய ஆட்கள். பெரியத்தான், அவர் மனைவி, மாப்பிள்ளை வீட்டார், ஓரத்தில் என் வீட்டுக்காரர் கோமதிநாயகம். எல்லோரும் பொரி உருண்டை தின்றுகொண்டிருந்தார்கள். "ஏ பேச்சி, அங்க விளக்கு ஏத்துனியா?" என்றார் பெரியத்தான்.

"ஏத்தாம இருப்பனா? வந்து பாருங்க, ஊரே நின்னு பாத்துட்டுப் போவுது!"

போனைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்து காட்டிவிட்டேன். பன்னிரண்டு விளக்கு. நடுவில் தாடியோடு, சிவப்புக் கோட்டோடு, சம்மணம் போட்டு அவன்.

அங்கே பொரி மெல்லுகிற சத்தம் நின்றது.

"யாரு அது?" என்றார் பெரியத்தான்.

"அதுவா? பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன். விளக்குப் பாக்க வந்திருக்கான்."

அந்த வெள்ளைக்காரன் எழுந்து நின்று, இரண்டு கையையும் கூப்பி, "வணக்கமுங்க ஐயா!" என்றான்.

டிசம்பர் 4

தீர்ப்பு வந்துவிட்டது. "நீ வரும்போது அவளும் வரணும். டிக்கெட் போட்டுட்டேன்." என் வீட்டுக்காரரிடம் பேசினேன். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். இதைச் சொல்ல ஒரு மனுஷன் வேண்டுமா? ஒரு கிளி போதும்.

சஞ்சித் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறான். "என்னாலதானுங்க ஆன்ட்டி." "ஆமா, உன் மரியாதையாலதான்" என்றேன். அழுதுவிடுவான் போல இருந்தான். இரண்டு தோசை கூடப் போட்டேன்.

டிசம்பர் 5

இலக்கியா பெட்டி கட்டுகிறாள்.

அழுவாள், சண்டை போடுவாள், பெரியப்பாவைத் திட்டுவாள், நாமும் சேர்ந்து திட்டலாம் என்று காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. துணியை மடித்து அடுக்குகிறாள். வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுக்கிறாள். நேற்று ராத்திரி புரளவில்லை. கட்டில் அதே கட்டில்தான். இங்கே வந்ததிலிருந்து முதல் தடவையாக இரண்டாவது கரண்டி சாதம் கேட்டாள்.

கரண்டியை நங்கென்று பானைக்குள் போட்டேன்.

டிசம்பர் 6

சண்டை. பெனிட்டாவும் சஞ்சித்தும் நாகரிகமாக வெளியே போய்விட்டார்கள்.

"ஏட்டி, பாட்டு வருதோ வாயில?"

"ஏன்மா, போகச் சொன்னாங்க, போறேன்."

"போகச் சொன்னா போயிருவியா? அந்த ஆணிக்காரன் கூட இருந்து நீயும் எடை போடப் போறியா?"

"நீதானம்மா தெனமும் இந்த ஊரக் கரிச்சுக் கொட்டுன. ரொட்டி செங்கல், சூரியன் பார்ட் டைம். இப்ப என்ன?"

"நான் சொல்லுவேன். எனக்கு வாய் இருக்கு, சொல்லுதேன். உனக்கு கடிகாரத்துக்குக் கீழ பெஞ்சுதான இருக்கு!"

சொல்லக் கூடாது என்றுதான் வைத்திருந்தேன். வந்துவிட்டது. அவள் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"நீ பாத்தியா?"

"பாத்தேன். வெயில்லயும் பாத்தேன், மழையிலயும் பாத்தேன்."

"அப்புறம் ஏன் பெரியப்பா கிட்ட வாத்தியார் என்கிட்ட சந்தேகம் கேக்காருன்னு சொன்ன?"

"பின்ன? உள்ளதச் சொன்னா கூட்டிட்டு வான்னுருவாரே."

"அதுக்குத்தாம்மா நான் காத்துக்கிட்டு இருந்தேன்!"

அப்புறம்தான் அழுதாள். ஊரில் இவள்தான் எப்போதும் முதல் மார்க். இங்கே வகுப்பில் நான்கு பேராகச் சேர்ந்து ஒரு வேலை செய்ய வேண்டுமாம். மற்றவர்கள் படபடவென்று பேசுகிறார்களாம். இவள் வாயைத் திறப்பதற்குள் பேச்சு அடுத்த ஊருக்குப் போய்விடுமாம். ஒருநாள் இவள் எழுந்து பேசினாள், பாதியில் வார்த்தை வரவில்லை, எல்லோரும் பொறுமையாகக் காத்திருந்தார்களாம். "சிரிச்சிருந்தாக்கூடப் பரவால்லம்மா. காத்திருந்தாங்க." மறுநாளிலிருந்து பெஞ்சு.

"அப்ப முடியலன்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"எப்படிச் சொல்ல? பஸ் ஸ்டாண்டுல ப்ளெக்ஸ் தொங்குது. நானா வந்தா தோத்துட்டு வந்தவ. நீ சரிப்படலன்னு கூட்டிட்டுப் போயிருந்தா, பாவம், வீட்ல விடல, இல்லன்னா பெரிய ஆளா வந்திருப்பான்னு பேசுவாங்க. நீ சொல்லுவன்னுதான் இருந்தேன். நீ என்னடான்னா தெனம் என்னைத் தூக்கித் தூக்கி வச்ச."

பெரியத்தானை இத்தனை நாள் ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஏமாந்தது யார் என்று இப்போது தெரிகிறது. உலகம் சுற்றி வந்து, என் பிள்ளையை நானே இன்னொரு ப்ளெக்ஸில் ஏற்றி வைத்திருக்கிறேன். கும்பிட்ட கை ஒன்றுதான் குறைச்சல்.

வெளியே போனதுகள் நனைந்துபோய்த் திரும்பி வந்தன. ரசம் வைத்தேன். இன்றைக்கு நல்லவேளையாகச் சனிக்கிழமை. மிளகை இடித்து நொறுக்கினேன்.

டிசம்பர் 8

இன்று அவளிடம் சொன்னேன். "வரணும்னா வா. ஆனா அவரு டிக்கெட் போட்டாருன்னு வராத, நான் சரிப்படலன்னு சொன்னேன்னும் வராத. எனக்குப் பிடிக்கல, வந்துட்டேன்னு நீயே சொல்லிட்டு வா. ஆணிக்காரன நான் பாத்துக்கிடுதேன். ப்ளெக்ஸையும் நான் பாத்துக்கிடுதேன்."

"இருந்தா?"

"இருந்தா பெஞ்சுல இருக்காத. அதுக்கு ஜெர்மனி எதுக்கு? நம்ம பஸ் ஸ்டாண்டுலயே பெஞ்சு இருக்கு."

சாயங்காலம் பெரியத்தான் வந்தார். சஞ்சித் பழக்கதோஷத்தில் பால்கனிப் பக்கம் நடந்தான். "எங்க போற? இங்கயே உக்காரு" என்றேன். போனை அவன் பக்கம் காட்டினேன். "பெரியத்தான், இவன்தான் சஞ்சித். இந்த வீட்லதான் இருக்கான். வந்த நாள்ல இருந்து பாத்திரம் கழுவுதான், பாத்ரூம் கழுவுதான். நம்ம வீட்ல யாராவது ஒரு ஆம்பள இதச் செஞ்சு காட்டுங்க, நான் மறுபேச்சு இல்லாம இவளக் கூட்டிட்டு வாரேன்."

"பேச்சி, நீ யாருகிட்டப் பேசுதன்னு தெரிஞ்சுதான் பேசுதியா?"

"தெரியாம என்ன? ப்ளெக்ஸுல பாத்திருக்கேனே."

போனைக் கட் செய்துவிட்டார். இவள் வருவாளா, இருப்பாளா என்பது இனி இவள் பாடு. பெட்டி பாதி கட்டினபடியே கிடக்கிறது.

டிசம்பர் 16

காலையில் நானும் அவளோடு ட்ராமில் போனேன். கடிகார நிறுத்தத்தில் என் கையைப் பிடித்தாள். நான் பேசவில்லை. எனக்குப் பேசாமல் இருக்க எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். ட்ராம் கிளம்பியது. அடுத்ததில் இறங்கினோம். உள்ளே போனாள்.

வகுப்புக்குப் போனாளா, கழிவறைக்குப் போனாளா, யார் கண்டது. நான் வாசலில் நின்றுகொண்டு, போகிற வருகிற வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பார்த்தேன். குளிரில் மூக்கு ஒழுகிக்கொண்டு, தூக்கக் கலக்கத்தோடு, ஒன்றுக்காவது தலை சீவவில்லை. இதுகளைப் பார்த்தா என் பிள்ளை பயந்தாள்?

டிசம்பர் 29

பெட்டியை முழுசாகக் கட்டிக்கொண்டு விமான நிலையத்துக்கு வந்தாள். கூட வருகிறாளா, வழியனுப்ப வருகிறாளா, தெரியவில்லை. ரயிலில் வழி நெடுக சஞ்சித் அந்தப் பெட்டியைத் தூக்கி வந்தான். வரிசை வந்ததும் பெட்டியை என் பக்கம் தள்ளினாள்.

"இது உனக்கு. அந்தக் கோட்டும் உள்ள இருக்கு. நம்ம ஊருல வெயில்ல போட்டுக்கிட்டு அலை."

"நீ?"

"பிப்ரவரில பரீட்சை. எழுதிட்டுச் சொல்லுதேன். இல்லன்னா எழுதலன்னு சொல்லுதேன்."

"எதுன்னாலும் சொல்லு."

"பொய் சொல்லாமச் சொல்லுதேன்."

"நானும்" என்றேன். கோட்டு எனக்கு வந்துவிட்டால் இனி இதுகள் எதைப் போட்டுப் படம் எடுக்கும் என்று கேட்க நினைத்தேன். அதற்குப் பதில் பெட்டியின் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். அங்கே விற்கிற பூட்டு அப்படி.

சஞ்சித் பாதுகாப்புக்காரனுக்கு வணக்கமுங்க சொன்னான்.

டிசம்பர் 31

பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். ப்ளெக்ஸ் அப்படியே இருந்தது. மழையில் இலக்கியா வெளுத்துப்போயிருந்தாள். பெரியத்தான் மட்டும் மங்காமல் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து ஏணியை எடுத்தேன். "அண்ணன் கேட்டா என்ன சொல்லுவ?" என்றார் என் வீட்டுக்காரர். "கேட்டா சொல்லுவேன்" என்றேன். செருப்பை மாட்டினார். பிறகு ஏணியின் அந்தப் பக்கத்தை அவரே தூக்கினார். பஸ் ஸ்டாண்டு வரை வந்து, நான் கயிற்றை அறுக்கிற வரை ஏணியைப் பிடித்துக்கொண்டும் நின்றார். கிளிக்குக் கை இருப்பது இத்தனை வருஷம் கழித்துத் தெரிந்தது.

பிப்ரவரி 13

மாடியில் மிளகாய் வற்றல் காயப் போட்டிருக்கிறேன். ப்ளெக்ஸ் நல்ல கெட்டி. வெயிலுக்குச் சுருளவில்லை.

மத்தியானம் போன் வந்தது.

"எழுதிட்டேம்மா."

"எப்படி எழுதுன?"

"ஒரு பேப்பர் தேறிரும். ஒண்ணு ஊத்திக்கும். ஊத்திக்கிட்டா திரும்ப எழுதலாம், இல்ல வந்துரலாம். இன்னும் தெரியல."

"சரி. சாப்டியா?"

"ரொட்டி."

"செங்கலா?"

சிரித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள். அங்கே ட்ராம் போகிற சத்தம் கேட்டது.

சாயங்காலம் பெரியத்தான் வந்தார். இரண்டு மாதமாக என்னோடு பேச்சு இல்லை, இருந்தாலும் கேட்டுவிட்டார். "பஸ் ஸ்டாண்டு ப்ளெக்ஸ் எங்க? அவ திரும்பி வந்தா ஊர்ல என்ன பதில் சொல்ல?"

"வந்தா வரட்டும் பெரியத்தான். வழியில ஒண்ணும் தொங்கல."

மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். மிளகாய் போட்டதில் இலக்கியா இருந்த மூலையை மட்டும் மடித்து வைத்திருந்தேன். மீதி இடம் முழுக்கச் சிவப்பு. நடுவில் கும்பிட்ட கை மட்டும் தெரிந்தது. ஒரு காக்கா அதன் மேல் உட்கார்ந்து வற்றலைக் கொத்திக்கொண்டிருந்தது.

பெரியத்தான் அதை விரட்டினார்.